ராஜகாலுவே நீரிணை

"ப்பூ...ஊ...ஊம்!"

பெங்களூரில் கடல் கிடையாது. அதனால் கப்பலும் கிடையாது. ஆனாலும் மார்கழிப் பனி விலகாத ஒரு காலையில், மாகடி ரோட்டை ஒட்டியிருந்த பழைய பங்களா ஒன்றின் கூரையிலிருந்து கப்பல் சங்கு ஊதியது. மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. பால்காரர் ஒருவர் சைக்கிளோடு வேலியில் சாய்ந்தார். பங்களாவுக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் மேல், தலையில் இட்லிக் குண்டானோடு ஒரு மரப்பலகையில் நடந்துகொண்டிருந்த முத்தம்மா ஓர் அடி உயரம் குதித்தாள்.

முத்தம்மா திரும்பவும் பலகையின் மேல்தான் இறங்கினாள். குண்டான் கால்வாய்க்குள் இறங்கியது. பலகையில் 'சடக்' என்று ஒரு விரிசல் ஓடியது.

"எவன்டா அவன், காலங்காத்தால ஊதறவன்? உன் வாயில கரையான் ஏற!" என்று முத்தம்மா பனியைப் பார்த்துக் கத்தினாள்.

ஊதியவன் அவள் கணவன் அய்யாவு.

அய்யாவு அந்தப் பங்களாவில் பியூன். பங்களாவின் வாசலில் 'நீரிணைத் தொங்கு பால இயக்ககம்' என்று பலகை தொங்கியது. எங்கோ கீழைக் கடலோரத்தில், கரைக்கும் முத்துத்தீவு என்ற தீவுக்கும் நடுவே ஏழு மைல் அகலத்துக்குக் கடல் கிடந்தது. அதன் மேல் எஃகினால் ஒரு தொங்கு பாலம் கட்டுவது என்று சுதந்திரம் வந்த சூட்டோடு முடிவாயிற்று. இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. முடிவு அப்படியே இருந்தது.

கடல் பாலத்துக்குப் பெங்களூரில் எதற்கு ஆபீஸ் என்று கேட்பவர்களுக்குத் தலைமைப் பொறியாளர் அனந்தபத்மநாபன் பதில் தயாராக வைத்திருந்தார்.

"கரையில ஆபீஸ் வெச்சா கரைக்காரா பக்கம் சாஞ்சுடுவோம். தீவுல வெச்சா தீவுக்காரா பக்கம் சாஞ்சுடுவோம். பாலம்னா நடுநிலைமை வேணும், சார். அதான் ரெண்டு பேருக்கும் எட்டாத இடத்துல வந்து உட்கார்ந்திருக்கோம்."

அவருக்கு ஆஸ்துமா. கடல் காற்று ஆகாது. இது நடுநிலைமைக்கு மேலும் வலுச் சேர்த்தது.

அலுவலகத்தில் வேலை நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சாப்பாட்டு மேஜையின் மேல் தேக்கில் செய்த பாலத்தின் மாதிரி ஒன்று இருந்தது. அதன் எதிரே மேஜை மின்விசிறியை வைத்துத் தினமும் புயல் பரிசோதனை செய்தார்கள். கரண்ட் போனால் 'கடல் அமைதி' என்று குறித்துக்கொண்டார்கள். பாலத்துக்கு வர்ணம் அடிக்க ஒரு பெயின்டரை முன்கூட்டியே வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவ்வளவு நீளமான பாலத்துக்கு ஒரு முனையிலிருந்து அடித்துக்கொண்டு போய் மறுமுனையை எட்டுவதற்குள் முதல் முனை வெளுத்துவிடும். ஆகையால் அது ஓயாத வேலை. ஓயாத வேலையைக் காலத்தோடு ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். அந்தப் பெயின்டர், மாதிரிக்கு வந்த ஓர் இரும்புத் துண்டுக்குத் திங்கட்கிழமை வர்ணம் அடிப்பார், சனிக்கிழமை சுரண்டுவார்.

சங்கு விவகாரமும் இப்படித்தான். மூடுபனி இறங்கினால் பாலத்தின் மேலிருந்து சங்கு ஊதிக் கப்பல்களை எச்சரிக்க வேண்டும் என்று விதி. பாலம் இருக்க வேண்டும் என்றோ, கப்பல் இருக்க வேண்டும் என்றோ விதியில் இல்லை. பனி இருக்க வேண்டும். பெங்களூரில் பனிக்கா பஞ்சம்?

அன்று சங்கு ஊதிவிட்டுக் கீழே இறங்கிய அய்யாவுவைக் கால்வாய்க் கரையில் முத்தம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, நீயா ஊதினே?"

"டூட்டி, முத்தம்மா. பனி இருந்திச்சு."

"பனி இருந்தா போத்திகினு படுக்கறது. சும்னே எதுக்கு ஊதறது?"

"கப்பலு வந்து பாலத்துல இடிச்சிக்கும்."

"எந்தக் கப்பலு?"

அய்யாவு யோசித்தான். "எந்தப் பாலம்னு நீ கேக்கலியே, அது வரைக்கும் சந்தோசம்."

முத்தம்மா சிரிக்கவில்லை. அவள் குடியிருந்த லைன் வீடுகள் கால்வாய்க்கு அந்தப் பக்கம். துணி மில்லின் கேட் பங்களா இருந்த இந்தப் பக்கம். ராத்திரி ஷிப்ட் வெளியே வந்து பகல் ஷிப்ட் உள்ளே போகிற அந்த அரை மணி நேரம்தான் அவளுடைய வியாபாரம். பலகையை விட்டால் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அந்த நேரத்தில் கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி நிற்கும். அது ஏன் நிற்கிறது என்று அந்த வண்டிக்கே தெரியாது. கால்வாய்க்குள் இறங்கித் தாண்டவும் முடியாது. தண்ணீர் ஆழமில்லை, சேறுதான் ஆழம். போன வருஷம் இறங்கிய எருமையைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். ஊர் மழைத் தண்ணீரையெல்லாம் ஏரிக்குக் கொண்டு போவதால் அதற்கு ராஜகாலுவே என்று கன்னடத்தில் பெயர். ராஜா காலத்தோடு அதைத் தூர் வாருவதும் நின்றுவிட்டது.

"பலகை பொளந்துடுச்சு பாரு. ஏழு மைலுக்குப் பாலம் கட்ற ஆபீசு, எட்டு முழத்துக்கு ஒரு பலகை குடுக்க மாட்டாங்களா? குடோன்ல பொட்டிப் பலகை மலையா கெடக்குதுன்னு நீயே சொன்னியே."

"ஒண்ணு தூக்கினு வந்துடட்டா?"

"திருடாதே! கேட்டு வாங்கு. கவர்மென்ட் ஆளு பொண்டாட்டி, நான் தலை நிமிந்து நடக்கணும்."

'கேட்டு வாங்கு' என்று அவள் சொன்னதுதான் இந்தக் கதையில் நடந்த ஒரே தவறு.

அய்யாவு கேட்டான். சூப்பரின்டென்டென்ட் சீனிவாசராகவன் பதினொரு மணிக் காப்பியை முதல் வாய் உறிஞ்சி முகம் மலர்ந்திருந்த நேரம் பார்த்துக் கேட்டான்.

"பலகையா? எதுக்குடா?"

"கால்வா தாண்டறதுக்கு, சாமி."

சீனிவாசராகவன் டம்ளரைக் கீழே வைத்தார். "தாண்டறதுக்கா? அதாவது, தண்ணிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போறதுக்கு?"

"ஆமா சாமி."

"அடப்பாவி! அது நம்ம சப்ஜெக்ட் ஆச்சேடா!"

அவர் எழுந்தே நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் நாற்காலி கேட்டு வந்திருக்கிறார்கள், லீவு கேட்டு வந்திருக்கிறார்கள், மச்சினனுக்கு வேலை கேட்டு வந்திருக்கிறார்கள். தண்ணீரைத் தாண்ட வேண்டும் என்று அந்த அலுவலகத்துக்கு ஒருவரும் வந்ததில்லை.

"விறகுக்குன்னு கேட்டிருந்தா ரெண்டா எடுத்துண்டு போன்னு சொல்லியிருப்பேன். தாண்டறதுக்குன்னு வாயை விட்டுட்டியே. இனிமே அது டெக்னிக்கல். நான் கை வெக்க முடியாது."

விஷயம் அனந்தபத்மநாபனிடம் போயிற்று. அவர் முதல்முறையாகப் பங்களாவின் பின்பக்கத்துக்கு வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ராஜகாலுவேயை வெகுநேரம் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு கரை. அந்தப் பக்கம் ஒரு கரை. நடுவில் தண்ணீர்.

"சீனிவாசராகவன், இது இத்தனை நாள் எங்கே இருந்தது?"

"இங்கேயேதான் இருந்துது, சார்."

"ஏன்யா எங்கிட்டச் சொல்லலை? இத்தனை வருஷமா என்ன கிழிச்சேள்னு டெல்லிக்காரன் கேட்டுண்டே இருக்கான். வாசல்ல ஒரு நீரிணையை வெச்சுண்டு நான் மின்விசிறியைச் சுத்த விட்டுண்டு இருக்கேன்!"

மறுநாள் ஊழியர்கள் எல்லோரையும் கூட்டி அவர் பேசினார்.

"நண்பர்களே! கடலைக் கடக்க நினைக்கிறவன் முதலில் கால்வாயைக் கடக்க வேண்டும். கால்வாயைக் கடக்க நினைக்கிறவன் முதலில் அதை அளக்க வேண்டும். அளக்க நினைக்கிறவன் முதலில் ஆள் சேர்க்க வேண்டும். ஆள் சேர்ப்பதில் நாம் ஒருநாளும் தயங்கியதில்லை!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தை பிறந்ததும் ராஜகாலுவேயின் கரையில் 'சோதனை நீரிணை எண் ஒன்று' என்று பலகை நட்டார்கள். மில் இருந்த பக்கம் கரை என்றும், லைன் வீடுகள் இருந்த பக்கம் தீவு என்றும் அறிவிக்கப்பட்டன.

"இன்னாய்யா எழுதியிருக்குது?" என்று கேட்டாள் முத்தம்மா.

"நம்ம லைன் வீடு இப்ப தீவாம்."

"பாவி மனுசா! ஒரு பலகை கேட்டா, ஊரையே தண்ணியில வுட்டுட்டியே!"

அதற்குப் பிறகுதான் இடி விழுந்தது. நீரிணையில் கப்பல் போகும். கப்பலுக்குப் பாய்மரம் உண்டு. ஆகவே தண்ணீருக்கு மேல் இருநூறு அடிக்குத் தாழ்வாக எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. முத்தம்மாவின் பலகை ஒரு முழ உயரத்தில் இருந்தது. அதற்குத் 'தடை' என்று பெயரிட்டு, உடனே அகற்றும்படி உத்தரவாயிற்று. அகற்ற வேண்டியது பியூனின் வேலை.

அய்யாவு தலைமைப் பொறியாளரின் முன்னால் போய் நின்றான். "சார், இதுமேலதான் எங்க ஊட்டுக்காரி இட்லி எடுத்துகினு போறா, சார்."

அனந்தபத்மநாபன் கல் நெஞ்சக்காரர் அல்ல. அவனை அருகில் அழைத்து விளக்கினார்.

"பாலம் யாருக்காகக் கட்றோம்? ஜனங்களுக்காக. அவா பாட்டுக்கு இப்படியும் அப்படியும் போயிண்டே இருந்தா, அவாளுக்குப் பாலம் எப்படிக் கட்றது? கொஞ்ச நாள் போக முடியாம தவிச்சாத்தானே பாலத்தோட அருமை டெல்லிக்குப் புரியும்? உன் சம்சாரம் தேசத்துக்காகத் தவிக்கறா. பெருமைப்படு."

அய்யாவு பலகையைத் தூக்கிக்கொண்டு போய் குடோனில் வைத்துப் பூட்டினான். தீவிலிருந்து முத்தம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது தட்டில் இட்லி உப்புமா இருந்தது. மறுநாளும் இட்லி உப்புமா. முத்தம்மா கூட்ஸ் வண்டியைத் தாண்டி மில் கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சங்கு ஊதிக் கதவு மூடிவிடும். கொண்டுபோன இட்லி அப்படியே வீட்டுக்குத் திரும்பும். மூன்றாம் நாள் மில் கேட்டில் ஓர் உடுப்பிக்காரர் தள்ளுவண்டி போட்டார்.

"இன்னும் கொஞ்ச நாளு போனா என் வாடிக்கைங்க எல்லாம் அவன் வெல்லம் போட்ட சாம்பாருக்கு நாக்கைக் குடுத்துடுவாங்க. அப்புறம் உன் நீரிணையைக் கரைச்சுக் குடிச்சிகினு கெட" என்றாள்.

ஆனால் இயக்ககம் மனிதாபிமானம் இல்லாதது அல்ல. பாலம் முடியும்வரை ஜனங்களுக்குப் படகு விட வேண்டும் என்று அதே விதிகளில் இருந்தது. மங்களூரிலிருந்து கூட்ஸ் வண்டியில் ஒரு படகு வந்தது. வாங்கியவர்கள் கடலை நினைத்து வாங்கிவிட்டார்கள். கால்வாயில் இறக்கியபோது படகின் மூக்கு கரையிலும் வால் தீவிலும் இடித்து, குறுக்கே கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

அன்று ஒரு காலை நேரம் லைன் வீடுகளுக்கு விடுதலை. மில்லுக்குப் போகிறவர்கள், தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்கள், ஓர் ஆடு, எல்லோரும் படகுக்குள் ஏறி மறுபக்கம் இறங்கி நடந்தார்கள். முத்தம்மா குண்டானோடு போய் வெறும் குண்டானோடு திரும்பினாள்.

"உங்க ஆபீசுலயும் மூளை இருக்குதுய்யா" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

அதே நேரத்தில் சீனிவாசராகவன் அங்கே வந்து சேர்ந்தார்.

"அநியாயம்! படகுன்னா படகு நகரணும், ஜனங்க உட்காரணும். இங்கே படகு உட்கார்ந்திருக்கு, ஜனங்க நகர்றா! டெல்லிக்குத் தெரிஞ்சா என்ன ஆறது?"

படகை இழுத்து நீளவாக்கில் திருப்பிச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். அது சேற்றில் தரை தட்டி நின்றது. அதை ஓட்டக் கடலோரத்திலிருந்து ஒரு படகோட்டியை வரவழைத்தார்கள். அவர் வந்து, ராஜகாலுவேயைப் பார்த்து, முகர்ந்து, மருத்துவ விடுப்பில் போய்விட்டார்.

மாசியில் எஃகு வந்தது. நாட்டில் ஆணிக்குக்கூட இரும்பு கிடைக்காத காலம் அது. ஆனாலும் இரண்டு கரைகளிலும் தென்னை மர உயரத்துக்கு ஒவ்வொரு கோபுரம் எழுந்தது. தீவுக் கோபுரத்தை எழுப்பிய கூலிகள் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். அதிகாரி யாரும் போகவில்லை. கோபுரங்களுக்கு நடுவே பாலத்தைத் தொங்கவிட வேண்டிய எஃகு வடமும் வந்தது. ஏழு மைல் பாலத்துக்கான அதே வடம், பனை மரத்தின் பருமன். எட்டு முழக் கால்வாயின் மேல் அதை வளைக்க எந்த யானையாலும் முடியாது.

அனந்தபத்மநாபன் சிந்தித்தார். பாலம் பெரிதாக இருக்கிறது, கால்வாய் சிறிதாக இருக்கிறது. பாலத்தைச் சிறிதாக்கினால் அது தொங்கு பாலம் ஆகாது, பலகை ஆகிவிடும். ஆகவே கால்வாயைப் பெரிதாக்குவது என்று முடிவு செய்தார்.

சித்திரையில் ஆட்கள் வந்து, தீவுப் பக்கம் முதல் வரிசை வீடுகளின் சுவர்களில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். மழைக்காலத்துக்கு முன் அந்த வரிசை நீரிணை ஆகிவிடும். முத்தம்மாவின் வீடு முதல் வரிசையில் மூன்றாவது.

அன்று அவள் இட்லி சுடவில்லை. ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, தடுத்த புருஷனைத் தள்ளிவிட்டு, அனந்தபத்மநாபனின் அறைக்குள் நுழைந்தாள்.

"சாமி, நான் கேட்டது ஒரு பலகை."

"நீங்க சின்னதாக் கேட்டேள், அம்மா. அரசாங்கம் பெரிசா நினைக்கறது."

"அப்ப நான் ஒண்ணும் கேக்கலைன்னு வெச்சிக்குங்க, சாமி. பலகை வாணாம். ஊட்டை வுட்டா போதும்."

"கேட்டதை வாபஸ் வாங்கலாம், தப்பில்லை. ஆனா தீவுவாசிகள் எல்லாரும் சேர்ந்து கரைக்கு வந்து சொல்லணும். அதுவும் ரயில்வே கேட் வழியா வந்தா செல்லாது. நீரிணையைத் தாண்டித்தான் வரணும்."

"எப்பிடி சாமி தாண்டறது?"

"பாலம் முடிஞ்சதும் தாராளமா வாங்கோ!"

முத்தம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். அய்யாவு பக்கத்தில் உட்கார்ந்தான். "திருடினு வந்திருக்கலாம்" என்றாள் அவள்.

டெல்லியில் வெயில் கொளுத்தத் தொடங்கியதும் மேலதிகாரி ஆராவமுதனுக்குப் பெங்களூர் வேலைகளை நேரில் பார்வையிட வேண்டும் என்று தோன்றியது. கனத்த சரீரம். டாக்டர் சொற்படி விடியற்காலையில் நடப்பவர். முந்தின நாள் பெய்த கோடை மழையில் ராஜகாலுவே நிரம்பி ஓட, அவர் குடையை ஊன்றிக்கொண்டு கரைக் கோபுரத்தின் அடியில் நின்றார். பின்னால் இயக்ககமே நின்றது.

"பேஷ். அந்தக் கோபுரத்துக்கிட்ட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும். எப்படிப் போறது?"

அனந்தபத்மநாபன் சீனிவாசராகவனைப் பார்த்தார். சீனிவாசராகவன் படகைப் பார்த்தார். படகில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. கால்வாயைத் தாண்ட நேரும் என்று அந்த அலுவலகத்தில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"அந்தப் பலகை..." என்று அனந்தபத்மநாபன் முணுமுணுத்தார்.

"அது தடை, சார். அதுல நடக்க விட முடியாது. வேணும்னா காட்டலாம்" என்றார் சீனிவாசராகவன், அதே தாழ்ந்த குரலில்.

பின்னால் நின்ற அய்யாவுவுக்குச் சந்தேகம் வந்தது. "காட்டினா, எங்கே இருந்துச்சுன்னு பெரியவரு கேப்பாரே சாமி?"

சீனிவாசராகவன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கேப்பார். அதனால இருந்த இடத்துலேயே வெச்சுக் காட்டணும். ஓடு, கொண்டு வா! இரு, அது விரிசல் விட்டிருக்கே. தடை உடைஞ்சு போச்சுன்னா நம்ம பேர் கெட்டுடும். ரெண்டு பெட்டிப் பலகையை அடியில வெச்சு ஆணி அடிச்சுண்டு வா. ஜல்தி!"

முத்தம்மா எந்தப் பலகையைக் கேட்டாளோ அதுவே ஒன்றுக்கு இரண்டாக, மூன்று ஆட்களின் தோளில் வந்து ராஜகாலுவேயின் குறுக்கே விழுந்தது. முன்னைவிட அகலம். முன்னைவிடக் கெட்டி.

ஆராவமுதன் பலகையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், தம் வயிற்றைப் பார்த்தார். காலை வைக்கவில்லை.

அப்போது தீவிலிருந்து முத்தம்மா வந்தாள். ரயில்வே கேட்டுக்குக் கிளம்பியவள், பலகை விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பியிருந்தாள். தலையில் குண்டான். டெல்லி, பெங்களூர் என்று அவள் பார்க்கவில்லை. பலகையில் ஏறி, கை வீசி நடந்து, இந்தப் பக்கம் இறங்கினாள்.

"வழி வுடுங்க சாமி, மில்லு சங்கு ஊதப் போவுது!"

இயக்ககம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

அவளைத் தாங்கியது தன்னையும் தாங்கும் என்று ஆராவமுதனுக்குத் தைரியம் வந்தது. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போனார். மறுகரையை மிதித்ததும் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

"பிரமாதம்! ஆடவே இல்லை! எத்தனை ஊர்ல எத்தனை பால ஆபீஸ் பார்த்துட்டேன். அக்கரைக்குன்னு வந்து நிக்கறது இதுதான் முதல் தடவை. மிஸ்டர் அனந்தபத்மநாபன், இதுதானா உங்க பாலம்?"

அனந்தபத்மநாபனின் முகம் வாடிவிட்டது. "சேச்சே, இது தடை, சார். பாலம் இன்னும் வரலை."

ஆராவமுதனின் சிரிப்பு நின்றது. குடையை மடக்கினார். "தடையா? தடை மேல பொம்மனாட்டி இட்லி எடுத்துண்டு போறா. நானே போயிருக்கேன்! இது சாதாரண விஷயமில்லை. பெரிய விசாரணை வேணும். அது முடியற வரைக்கும் இந்தத் தடையை ஒருத்தரும் தொடப்படாது. கால்வாய், சுண்ணாம்புக் கோடு, வீடு எல்லாம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். வருஷா வருஷம் மே மாசம் நானே நேர்ல வந்து விசாரிப்பேன். டெல்லி வெயில் எனக்கு ஒத்துக்கறதில்லை."

எல்லோரும் போட்டோவுக்கு நிற்கத் தீவுக்குப் போனார்கள். கடைசியில் போன சீனிவாசராகவன் அய்யாவுவின் தோளை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி பலகையின் நடுவே நின்றுகொண்டிருந்தார். வெறும் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்தம்மா மில் கேட்டிலிருந்து வந்து, பலகை காலியாவதற்காகக் கரையில் காத்து நின்றாள். அய்யாவு கழுத்தை மட்டும் திருப்பி, நடந்ததை அவளுக்குச் சொன்னான். அவள் சுண்ணாம்புக் கோடு போட்ட தன் வீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சாமி, இந்த விசாரணை எப்ப முடியும்?"

சீனிவாசராகவன் கண்ணைத் திறந்தார். கேட்கக் கூடாத வார்த்தையைக் கேட்டுவிட்டவர்போல அவளைப் பார்த்தார்.

"முடியறதாவது! முடிஞ்சுடுத்துன்னா அப்புறம் நாங்கள்லாம் எங்கேம்மா போறது?"